ஹெரால்டு கார் வேதா

“நூத்திப் பதினொண்ணுக்கு என்னமோ அவசரம் போல. காலையிலருந்து மூணு தடவ கோயம்புத்தூர் கேட்டுட்டாரு” என்று சொல்லிக்கொண்டே வேதா கீரைக்காரியின் கூடையில் முளைக்கீரைக் கட்டுகளைப் புரட்டுகிறார். நூற்றுப் பதினொன்று என்பது எங்கள் தெருக்கோடியில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருப்பவர். திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினெட்டு வருஷமாகப் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கம்பி செருகிக் கம்பி பிடுங்கி வரும் வேதாவுக்கு இந்த ஊரில் மனிதர்கள் கிடையாது, நம்பர்கள்தான். மலை சுற்றும்போதும், “அதோ போறாரு பாருங்க எம்பத்தாறு. கூடப் போறது அவரு மச்சினன், இருநூத்தி நாலு” என்பார். யாருக்காவது நம்பர் மாறிவிட்டால், ஒரு வாரத்துக்கு அந்த மனிதரை ஊருக்குப் புதிதாக வந்தவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

கீரை வாங்கியானதும் புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினால் கார் எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். வாசலில் வேப்பமர நிழலில் நிற்கும் பச்சை ஹெரால்டு கார் அவருடையது. வேதாவின் உயரம் நாலடி பத்தங்குலம். டிரைவர் சீட்டில் மடித்த ஜமக்காளம் ஒன்றும், அதன்மேல் காலாவதியான டெலிபோன் டைரக்டரிகள் இரண்டும் கிடக்கும். அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தால்தான் அவருக்குச் சாலை தெரியும். வழியில் மாடு படுத்திருந்தால் ஹார்ன் அடிக்க மாட்டார். கண்ணாடியை இறக்கி, “ஹலோ, கொஞ்சம் நகர்றீங்களா?” என்பார். மாடும் எழுந்து நகரும். அந்தக் குரலுக்கு இந்தத் தாலுகாவில் எத்தனையோ பெரிய மனிதர்கள் கட்டுப்பட்டு, டிரங்க் காலுக்குரிய மூன்று நிமிஷத்தில் பேச்சை முடித்துப் போனை வைத்திருக்கிறார்கள்.

ஊரில் கார் ஓட்டும் பெண்மணிகள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, நடுவில் ஒன்றரைக் கார் நீளம் இடம் என்றால், பின்பக்கமாகவே நுழைந்து ஓரத்தோடு ஓரமாக ஒட்டி நிறுத்துவதில் வேதாவை மிஞ்ச ஆண்களிலும் ஆள் இல்லை. இது என் அபிப்பிராயம் அல்ல, அய்யூப் சொல்வது. அய்யூப் டாக்ஸி டிரைவர், முப்பது வயசு, வேதாவுக்குக் கார் ஓட்டப் பழக்கியவர். லேசில் யாரையும் மெச்சாதவர்.

அந்த வித்தை வேதாவின் கைக்கு வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தொன்றாம் வருஷத்துக் கோடையில். அதற்குக் காரணம் அவருடைய கணவர் பரசுராமன்.

பரசுராமன் டவுன் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். நாற்பத்தெட்டாம் வயசில் ஒரு காலை, ஷேவ் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடிக்கு முன்னாலேயே சரிந்தார். இடது பக்கம் விழுந்துவிட்டது. ஒன்றரை வருஷ வைத்தியத்தில் பேச்சு முழுசாகத் திரும்பியது. கை பாதி வந்தது. கால் மட்டும், கைத்தடி ஊன்றிச் சமதரையில் இழுத்து இழுத்து நடக்குமே தவிர, ஒரு செங்கல் உயரத்துக்கு மேல் எழும்பாது. படம் வரையும் வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போனார்கள். மண்டபத்துக்கு ஏழு படி. நான்கு பேர் ஓடி வந்து அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஜனங்கள் வழிவிட்டார்கள். அவரிடம் படித்த பையன் ஒருவன், இப்போது மீசை வைத்த ஆள், கண்ணைத் துடைத்துக்கொண்டான். பரசுராமன் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தார். “இனிமே என்னத் தூக்கற எடத்துக்கு நான் வரமாட்டேன், வேதா” என்றார். அதற்குப் பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றுவதென்றாலும் தூக்கத்தான் வேண்டும்.

அந்தப் பங்குனியில் தலைமை ஆசிரியர் ஆதிமூலம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். காபியை ஆறவிட்டுக்கொண்டே வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“லீவு மேல லீவு குடுத்தாச்சி மாஸ்டர். ஜூன்ல ஸ்கூல் தொறக்கற அன்னிக்கு நீங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டு கிளாஸ் எடுக்கணும். இல்லைன்னா உடம்பு முடியாதவர்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பசங்கள விட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்றேன், ஒரு அஞ்சு நிமிஷம்...”

அதற்குப் பதில் வேதாதான் சொன்னார்: “அவரே வருவாரு சார்.”

எப்படி என்பது அப்போது வேதாவுக்கே தெரியாது. மறுநாள் டியூட்டி முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய் முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். வாசலில் மாட்டுவண்டிக் காலத்துக் கல்தூண்கள். கார் உள்ளே நுழையாது. ஆனால் மதிலை ஒட்டித் தெருவோரமாக ஒரு சிமெண்டு நடைமேடை ஓடுகிறது. அதிலிருந்து பக்கவாசல் வழியாகப் போனால் படியே இல்லாமல் டிராயிங் வகுப்புக்குள் போய்விடலாம். நடைமேடை ஒரு சாண் உயரம். தெருவில் இறங்கினால் பரசுராமனால் அதன்மேல் ஏற முடியாது. ஆனால் ஒரு காரைக் கொண்டுவந்து அந்த மேடையோடு ஒட்டி நிறுத்தினால், சீட்டில் உட்கார்ந்தபடியே காலை மேடைமேல் வைத்து எழுந்துவிடலாம். யாரும் தொட வேண்டியதில்லை.

வேலூரில் ஒரு பல் டாக்டர் தன் ஹெரால்டை விற்கப் போகிறார் என்ற செய்தி வேதாவுக்கு வேலை நேரத்திலேயே கிடைத்தது. “நான் ஒட்டுக் கேக்கலங்க. லைன்ல தானா காதுல விழுந்துச்சி” என்று இன்றைக்கும் சாதிக்கிறார். கார் வந்தது. அய்யூப் வந்தார். ஆறு வாரத்தில் வேதா ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்ஸுக்கு வந்த இன்ஸ்பெக்டர் நேராக ஓட்டச் சொன்னார், திருப்பச் சொன்னார், மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். எல்லாம் செய்து லைசென்ஸும் வாங்கியாகிவிட்டது. இரண்டு வண்டிக்கு நடுவில் நிறுத்திக் காட்டு என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

பள்ளிக்கூட நடைமேடை ஓரத்தில் காலை ஒன்பது மணிக்கு எப்போதும் ஒரு அரிசி மண்டி டெம்போ நிற்கும், பின்னால் ஒரு ஜீப் நிற்கும். அவற்றுக்கு நடுவில்தான் இடம். முன்பக்கமாக நுழைந்தால் காரின் மூக்கு மட்டும் மேடையைத் தொடும், வால் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும், பரசுராமனின் கதவு மேடையிலிருந்து இரண்டு முழம் தள்ளி நிற்கும். பின்பக்கமாக வளைந்து நுழைந்தால்தான் முழுக் காரும் ஒட்டும். ஸ்கூல் திறக்க இருபது நாள் இருந்தது.

“அது ஒண்ணும் கஷ்டமில்லக்கா” என்றார் அய்யூப். “முன்னாடி வண்டி பக்கத்துல போயி நிக்கணும். அப்பறம் பேக் எடுக்கணும். கை தானா வரும்.”

“எந்தக் கை அய்யூபு?”

அய்யூபுக்குச் சொல்லத் தெரியவில்லை. வண்டியை வாங்கி மூன்று தடவை நிறுத்திக் காட்டினார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. “பாத்தீங்களா? அவ்ளோதான்” என்றார். பார்த்துக்கொண்டிருந்த வேதாவுக்கும், பக்கத்தில் நின்ற எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

பரசுராமன் பெரிய டிராயிங் தாளில் படம் போட்டார். மேலிருந்து பார்க்கிற மாதிரி டெம்போ, ஜீப், நடுவில் ஹெரால்டு மூன்று நிலைகளில். காம்பஸ் வைத்து வளைவுகள், சக்கரங்களுக்கு நிழல்கூடத் தீட்டியிருந்தார். வேதா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “படத்துல கார் அழகா நிக்குதுங்க. ஆனா அதுல கிளச் இல்லியே” என்றார்.

வேங்கிக்கால் பக்கம் அப்போது வெறும் பொட்டல். தார் டிரம் இரண்டை நிறுத்தி வண்டிகள் என்று வைத்துக்கொண்டோம். நடைமேடைக்குச் செங்கல் வரிசை. டிரம்மை நிமிர்த்துவது என் வேலை. அடுத்த வீட்டுக்காரன், கூட்டுறவுச் சங்கத்தில் பகல் மூன்று மணியோடு வேலை முடிகிற ஆள் என்பதால் அந்தப் பதவி எனக்கு வந்தது. அய்யூபின் டாக்ஸியை முன்னால் நிறுத்தலாமே என்று வேதா கேட்டதற்கு, “உயிரக் கேளுங்க குடுக்கறேன். என் வண்டிய மட்டும் கேக்காதீங்கக்கா” என்றார்.

முதல் நாள் வேதா பதினான்கு முறை முயன்றார். ஒன்பது முறை டிரம் உருண்டது. செங்கல்கள் அரைபட்டன. ஒருமுறை கார் மல்லாட்டைக் கொல்லைக்குள்ளேயே இறங்கிவிட்டது. வேதாவுக்குச் சளைப்பே இல்லை. ஒவ்வொரு டிரம் விழும்போதும், “ராங் நம்பர்! மறுபடியும் போடறேன்” என்று கத்திவிட்டு ஃபர்ஸ்ட் கீர் போடுவார்.

மூன்றாம் நாள், கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பாஞ்சாலை பொறுக்க முடியாமல் வரப்பேறி வந்தாள். கையில் களைக்கொட்டு. வண்டி மாடு ஓட்டிப் பழகிய உடம்பு.

“யம்மா, நானும் மூணு நாளா பாக்கறேன். பின்னாடி போறப்போ எத்தப் பாக்கற நீ?”

“முன்னாடி வண்டியத்தான். இடிக்கக் கூடாதில்ல?”

“மூஞ்சியப் பாத்துக்கினு பின்னாடி போனா எப்பிடிம்மா? குண்டி எங்க போவுதுன்னு பாரு. அது சரியாப் போயி சேந்துச்சின்னா மூஞ்சி தானா வந்துடும்.”

அய்யூப் தலையில் அடித்துக்கொண்டார். “இதத்தான்க்கா! இதத்தான் நான் சொல்ல வந்தேன்!”

வேதா கழுத்தை முழுசாகத் திருப்பினார். இடது கையைப் பக்கத்து சீட்டின் முதுகில் போட்டுப் பின்கண்ணாடி வழியாகவே பார்த்தார். முன் டிரம்மைத் தாண்டும் வரை நேராக வந்தார், இடது பக்கம் முழுசாக ஒடித்தார், கார் சாய்ந்து உள்ளே போனது. பின்சக்கரம் செங்கலை நெருங்கும்போது வலது பக்கம் முழுசாக ஒடித்தார். மூக்கு தானாகவே சுழன்று உள்ளே வந்தது. இரண்டு டிரம்மும் நின்றுகொண்டிருந்தன. ஒரு செங்கல்கூட அசையவில்லை.

“கனெக்சன் கெடச்சிடுச்சி!” வேதாவின் கூச்சலில் கொல்லையிலிருந்த கொக்குகள் எழும்பின. காரிலிருந்து குதித்து இறங்கி பாஞ்சாலையைக் கட்டிக்கொண்டார். களைக்கொட்டு அவர் தோளில் குத்தியது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. அன்றைக்கு இருட்டுவதற்குள் பன்னிரண்டில் பதினொன்று சரியாக நின்றது. மறுநாள் அய்யூப் எதுவும் பேசாமல் தன் அம்பாசிடரைக் கொண்டுவந்து டிரம் இருந்த இடத்தில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு நூறடி தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வேதா நிறுத்தி முடித்து ஹார்ன் அடித்த பிறகே திரும்பிப் பார்த்தார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். வீட்டு வாசலில் பரசுராமன் ஹெரால்டின் தாழ்வான சீட்டில் தானே உட்கார்ந்து, காலைக் கையால் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். அவரை வைத்து ஓட்டியபோதுதான் வேறொரு சங்கடம் தெரிந்தது. தனியாக இருந்தால் மணி மணியாக நிறுத்துகிற வேதா, அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் டிரம்மைத் தட்டினார். பரசுராமன் சும்மா இருக்க மாட்டார். வலது காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பார். “போதும்... போதும்... அய்யோ” என்பார். வேதா பின்கண்ணாடியை விட்டு அவர் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான், டிரம் உருளும்.

“என்னங்க, நான் லைன்ல இருக்கறப்போ குறுக்க பேசக் கூடாது. ஒரு வார்த்தகூட!” என்றார் வேதா. பரசுராமன் தலையாட்டினார். அன்றிலிருந்து கார் பின்னால் போகத் தொடங்கினால் அவர் கண்ணை மூடி, உதட்டை இறுக்கிக்கொண்டுவிடுவார். அப்படிப் பழகிப் பழகி அதுவும் சரியாயிற்று.

ஸ்கூல் திறக்கும் நாள் வந்தது. பரசுராமன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து குளித்துவிட்டாராம். பின்சீட்டில் நான். தெரு முழுக்கப் பையன்கள், புதுப் புத்தகப் பை, ஐஸ் வண்டி, நெல்லிக்காய்க் கூடை. டெம்போ நின்றது. ஜீப்பும் நின்றது. ஆனால் ஜீப் வழக்கத்தைவிட ஒரு முழம் முன்னால் தள்ளி நின்றது. நாங்கள் பழகியதைவிட இடம் கம்மி.

வேதா டெம்போவுக்குப் பக்கத்தில் நிறுத்தி ரிவர்ஸ் கீர் போட்டதும் தெருவே சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. “லெஃப்டுல ஒடிங்க!” “ரைட்டு, ரைட்டு!” “வரட்டும் வரட்டும்!” “இருங்க இருங்க!” பையன்கள் நடைமேடை விளிம்பு முழுக்க வரிசையாக நின்றுவிட்டார்கள். கால்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. வேதா வழக்கத்தைவிட முன்னதாகவே திருப்பிவிட்டார். கார் கோணலாகப் போய் நின்றது. பரசுராமனின் கதவுக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி.

மூன்று ஆசிரியர்கள் ஓடி வந்தார்கள். “பரவால்லம்மா, இதுவே போதும். நாங்க மாஸ்டரத் தூக்கிக்கறோம்” என்று ஒருவர் கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

பரசுராமன் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையின் காலர் வியர்வையில் நனைந்திருந்தது.

“ஹலோ!” என்றார் வேதா. எக்ஸ்சேஞ்ச் குரல். “கைய எடுங்க சார். யாரும் கிட்ட வராதீங்க. நான் இன்னும் முடிக்கல.”

காரை மறுபடி தெருவுக்கு எடுத்தார். பின்னால் கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து போக வழியில்லாமல் நின்று ஹார்னை அலறவிட்டது. அதற்குப் பின்னால் இரண்டு மாட்டு வண்டிகள். வேதா கண்ணாடி வழியாகக் கையை நீட்டி, இரு என்று பஸ்ஸுக்கு உள்ளங்கையைக் காட்டினார். டெம்போவுக்கு இணையாக வந்து நின்றார். கழுத்தைத் திருப்பினார். பின்பக்கம் ஜீப் தெரிந்தது. மேடையின் விளிம்பு தெரியவில்லை, பையன்களின் கால்கள்தான் தெரிந்தன. டைரக்டரிகளின் மேல் இன்னும் எழும்பிப் பார்த்தார்.

“என்னங்க” என்றார், திரும்பாமலே. “எனக்கு ஓரம் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

பரசுராமன் கண்ணைத் திறந்தார். கதவின் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பக்கவாட்டில் பார்த்தார். முப்பது வருஷமாக, ஸ்கேல் வைக்காமல் கண்ணாலேயே அளந்து பையன்களின் கோட்டில் தப்புச் சொன்ன மனிதர்.

“வா” என்றார். “வா. ரெண்டடி இருக்குது. ஒண்ணரை. இப்ப ரைட்ல ஒடி, முழுசா. ஒரு அடி. எட்டு அங்குலம். வா. ஆறு. நாலு.” குரல் வகுப்பில் பேசுகிற குரலாகிவிட்டது. “நில்லு.”

கார் நின்றது. முன்னால் டெம்போவுக்கு இரண்டு முழம். பின்னால் ஜீப்புக்கு அதைவிடக் கம்மி. பரசுராமன் கதவைத் திறந்தார். அது மேடைமேல் உரசாமல் திறந்தது. கைத்தடியை வெளியே ஊன்றினார், இடது காலைக் கையால் பிடித்து எடுத்து வைத்தார், வலது காலை வைத்தார், காரின் கூரை விளிம்பைப் பற்றிக்கொண்டு எழுந்தார். நடைமேடையில் நின்றார். பையன்கள் சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள்.

அவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். “மணி அடிச்சாச்சில்ல? இங்க என்ன வேடிக்கை? போங்கடா கிளாஸுக்கு” என்றார்.

அவ்வளவுதான். “குட்மார்னிங் சார்!” என்று தெருவே இடிகிற மாதிரி ஒரு கத்தல். பஸ்ஸின் ஹார்ன் எப்போது நின்றது என்று தெரியாது. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டு விசில் நீளமாக ஊதி, “போலாம் ரைட்!” என்றார்.

வேதா இறங்கவில்லை. பக்கவாசலில் வெள்ளைச் சட்டை மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். “அக்கா, வண்டி ஓடிக்கினு இருக்குது” என்று கூட்டத்திலிருந்து வந்த அய்யூப் சொன்னபோதுதான், கீர் ரிவர்ஸிலேயே இருப்பதும், கிளச்சிலிருந்து காலையே எடுக்காததும் அவருக்குத் தெரிந்தது. சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவே இல்லை.

இப்போது தினமும் காலையில் அந்த இடத்தில் ஹெரால்டு நிற்கிறது. டெம்போக்காரர் தானாகவே ஒரு முழம் முன்னால் தள்ளி நிறுத்திக்கொடுக்க ஆரம்பித்தார். “வேணாங்க, பழக்கம் விட்டுப் போயிடும்” என்று வேதா அவரைப் பழைய இடத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டார். காரில் ஏறியதும் பரசுராமன் கண்ணாடியை இறக்கிவிடுகிறார். இரண்டு பேரும் அங்குலக் கணக்கில் சண்டை போட்டுக்கொள்வது தெருக்கோடி வரை கேட்கும்.

போன வெள்ளிக்கிழமை அவர்களோடு நானும் காரில் திரும்பினேன். சாயங்காலம், தாலுகா ஆபீஸ் மூடியிருந்தது. சாலையில் ஆள் இல்லை. ஆபீஸ் மதில் ஓரத்தில் ஒரு தண்ணீர் லாரி, அதற்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு ஒரு வேன். வேதா வேகத்தைக் குறைத்தார். லாரிக்கு இணையாகப் போய் நிறுத்தினார்.

“இங்க யாரப் பாக்கணும்?” என்றார் பரசுராமன்.

“யாரையும் இல்ல.”

“அப்பறம்?”

வேதா இடது கையைக் கணவரின் சீட்டு முதுகில் போட்டுக் கழுத்தைத் திருப்பி, அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் கீர் போட்டார்.